எண்பத்தேழாம் பக்கத்துப் பேய்

எண்பத்தேழாம் பக்கத்தில், செத்துப்போன ஒருவர் சமையலறைக்குள் வந்து மேடையில் சிந்திக்கிடந்த தண்ணீரைத் துடைத்தார். நான் பேனா மூடியைக் கடித்தபடி அந்த வரியைத் திரும்ப வாசித்தேன். சந்தேகமே இல்லை, சின்ன மாமாதான். போன வருடம் பங்களாவின் மேல்மாடியில் இரும்புப் பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, விளம்பர இடைவேளைக்கு முன்னால் பாதியும் பின்னால் பாதியுமாக எரிந்து செத்த அதே சின்ன மாமா. மேடையைத் துடைத்தவர் அடுப்பைப் பற்றவைத்தார். தேநீர் போட்டார். சுவரில் அவர் நிழல் விழுந்தது. அழுதுகொண்டிருந்த கதாநாயகியிடம், "எதுவா இருந்தாலும் முதல்ல குடி, அப்புறம் பயப்படலாம்" என்று பேசவும் செய்தார்.

சிவப்பு மையால் அடித்துவிட்டுப் போக வேண்டிய இடம். அதற்குத்தான் பதிப்பகம் என்னை வைத்திருக்கிறது. 'சாம்பல் மாளிகை' என்றொரு தொலைக்காட்சித் தொடர். வாரத்தில் ஐந்து நாள், மாலை ஆறரை மணிக்கு, ஊரே அடுப்பை அணைத்துவிட்டு அதன் முன்னால் உட்காரும். ஒரு பழைய பங்களா, அதில் ஒரு குடும்பம். குடும்பத்தில் பாதிப் பேர் ஆவிகள், மீதிப் பேர் அந்த ஆவிகளைப் பிடிக்க அலைகிறவர்கள். தொடர் பிய்த்துக்கொண்டு ஓடியதும், அதே பாத்திரங்களை வைத்து நாவல் போடலாம் என்று எங்கள் முதலாளிக்கு யோசனை வந்தது. தொலைக்காட்சிக்காரர்கள் ஒரே ஒரு நிபந்தனையோடு அனுமதி கொடுத்தார்கள்: தொடரில் நடந்ததோடு நாவல் முட்டிக்கொள்ளக் கூடாது. யார் யாருக்கு என்ன உறவு, எந்த அறை எந்தப் பக்கம், யார் செத்தாச்சு, யார் இன்னும் பாக்கி என்பதையெல்லாம் வரிக்கு வரி சரிபார்ப்பது என் வேலை. தொடரை எழுதுகிறவர்களுக்கே மறந்துபோனதை நான் நினைவில் வைத்திருக்க வேண்டும். ஆவிகளுக்கென்று தனியாகச் சட்டதிட்டமும் உண்டு. செத்தவர் உயிரோடு திரும்பக் கூடாது, ஆவியாக வரலாம். ஆவிக்கு நிழல் கிடையாது, குரல் கிடையாது, அது எதையும் தின்னாது, குடிக்காது. இந்த ஒழுக்கத்தை உயிரோடிருப்பவர்களுக்கு விதித்திருந்தால் ஊர் எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும்.

நாவல்களைப் பற்றி என்ன சொல்ல. எல்லாமே மழையில் தொடங்கும். மழை வந்தால் மின்சாரம் போகும், மின்சாரம் போனால் மெழுகுவத்தி வரும், மெழுகுவத்தி வந்தால் அது அணைந்தே தீர வேண்டும். கதாநாயகிக்கு முதுகுத்தண்டு சில்லிடாத பக்கம் கிடையாது. இந்நேரம் அவளுக்கு ஜன்னி கண்டிருக்க வேண்டும். இந்த நாவல்களில் யாரும் எதையும் சும்மா சொல்வதில்லை. கர்ஜிப்பார்கள், முனகுவார்கள், விம்முவார்கள். கதவுகூடச் சும்மா திறக்காது. உண்மையான ஆவி ஒன்று இதை வாசிக்க நேர்ந்தால் வெட்கப்பட்டு இன்னொரு முறை செத்துப்போகும். நானும் ஒரு காலத்தில் எழுதியவள்தான். ஒரே ஒரு சிறுகதைத் தொகுப்பு. மூன்று விமர்சகர்கள் பாராட்டினார்கள். அந்த மூன்று பேரைத் தவிர யாரும் வாசித்ததாகத் தகவல் இல்லை. மிச்சப் பிரதிகள் என் கட்டிலுக்கு அடியில் பழைய போர்வைகளோடு இருக்கின்றன. அங்கிருந்து இங்கே வந்து சேர்ந்ததற்கு, நாய் விற்ற காசு குரைக்காது என்பதைத் தவிர வேறு சமாதானம் என்னிடம் கிடையாது.

இவற்றை யார்தான் வாசிக்கிறார்கள் என்று நான் தேடி அலைய வேண்டியிருக்கவில்லை. என் வீட்டுக்கு மேலே, மாடி வீட்டிலேயே ஒருத்தி இருந்தாள். என் அக்கா. பல் மருத்துவமனை ஒன்றின் வரவேற்பு மேஜையில் உட்கார்ந்திருப்பவள். அடுத்த ஆளைக் கூப்பிடும் இடைவெளிகளில், இழுப்பறையைப் பாதி திறந்து வைத்துக்கொண்டு, உள்ளே இருக்கும் நாவலைக் குனிந்து வாசிப்பாள். ஆறரை மணிக்குத் தொடரையும் விடாமல் பார்ப்பாள். இரண்டும் ஒரே குப்பைதானே, எதற்கு இரண்டு தடவை என்று ஒருமுறை கேட்டேன்.

"நாள் பூரா வாயத் தொறந்துகிட்டு கத்துறவங்களப் பாக்குறேன்டீ. எவன் எப்ப கத்துவான்னே தெரியாது. இதுல யாரு கத்தப்போறா, எந்தப் பக்கத்துல கத்தப்போறான்னு முன்னாடியே தெரிஞ்சிடுது. அது ஒரு நிம்மதி."

என் தொகுப்பையும் அவளிடம் கொடுத்திருக்கிறேன். ஒரு வாரம் கழித்து, "உன் கதைல யாருமே எதுக்குமே கத்த மாட்டேங்கிறாங்களே" என்று திருப்பிக் கொடுத்தாள். கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்று நினைத்துக்கொண்டேன். கூடப் பிறந்தவளாயிற்றே என்று வாய்விட்டுச் சொல்லவில்லை.

அந்த அக்காவின் புருஷன்தான் சின்ன மாமா. அதாவது தொடரில் சின்ன மாமாவாக நடித்தவர். எனக்கு அத்தான். மூன்று வருடம் அந்த இரும்புப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பங்களா முழுக்க நடந்தார். ஆவிகளைப் பெட்டிக்குள் அடைத்துப் பூட்டுவது அவர் பொறுப்பு. அந்த மூன்று வருடத்தில் அவர் வீட்டிலும் சாதாரணமாக நடக்கும் பழக்கத்தை விட்டுவிட்டார். கதவைத் திறப்பதென்றால் முதலில் கைப்பிடி திரும்பும், பிறகு ஓர் அமைதி, அப்புறம்தான் முகம் வரும். உப்பைக் கேட்டால்கூட, கொடுப்பதற்கு முன்னால் உங்கள் தோளுக்குப் பின்னால் எதையோ பார்ப்பார். தெருப் பிள்ளைகள் 'பெட்டி மாமா' என்று கூப்பிட்டால் நின்று கையசைத்துவிட்டுத்தான் போவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நாலு எழுத்து வாசித்த குடும்பத்துக்கு வந்து வாய்த்த மாப்பிள்ளை பெட்டி தூக்குகிறாரே என்று எத்தனையோ முறை அக்காவிடம் ஜாடையாகச் சொல்லியிருக்கிறேன். அக்கா என்னையும் கட்டிலுக்கு அடியையும் ஒரே பார்வையில் பார்ப்பாள்.

அவரை ஏன் கொன்றார்கள் என்பது ஊரறிந்த ரகசியம். கதாநாயகிக்கு இரண்டாவது காதலன் வந்து சேர்ந்தான். படப்பிடிப்புத் தளத்துச் சாப்பாட்டு மேஜையில் நாற்காலிகள் நிரம்பிவிட்டன. ஒரு காலை அத்தான் ஒப்பனைக்கு உட்கார்ந்தபோது அன்றைய காட்சித் தாளைக் கையில் கொடுத்தார்கள். அதை வாசித்துத்தான் தான் சாகப்போவது அவருக்குத் தெரிந்தது. மாலைக்குள் எரித்து முடித்து, முகத்துக் கரியைத் துடைக்க ஈரத்துணி கொடுத்து அனுப்பிவிட்டார்கள். இப்போது ஒரு டைல்ஸ் கடையில் இருக்கிறார். சேர்ந்த புதிதில் கடைக்காரர் அவரை வாசலில் நிற்கவைத்திருந்தார். வருகிறவர்கள் படமெடுத்துக்கொள்வார்கள், கையோடு குளியலறைக்கு ஓடுகளும் வாங்குவார்கள். பிறகு படமெடுக்கிறவர்கள் குறைந்தார்கள். வாசலிலிருந்து உள்ளே வந்தார், உள்ளேயிருந்து கிடங்குக்குப் போனார். மாதிரி ஓடுகளைத் தூக்கித் தூக்கி முழங்கால் வீங்கிப்போய் வருவார். அப்போதும் வீட்டுக் கதவை அதே மாதிரிதான் திறப்பார்.

சரி, எண்பத்தேழாம் பக்கம். அதை அடிக்கப் போன கை நின்றதற்குக் காரணம் அத்தான் மேல் இரக்கம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அந்தப் பக்கம் நன்றாக இருந்தது. எனக்கு அதுதான் அவமானமாக இருந்தது. சின்ன மாமா சர்க்கரை டப்பாவின் மூடியைத் திறக்கிறார், உடனே கரண்டியைப் போடவில்லை. டப்பாவின் பக்கவாட்டில் விரலால் மெல்லத் தட்டிவிட்டு, உள்ளே இருந்த எறும்புகள் விளிம்பேறி வெளியே இறங்கும்வரை காத்திருக்கிறார். கதாநாயகி அழுதபடியே அதைப் பார்க்கிறாள். அவ்வளவுதான். பத்து நாவல்களில் ஒரு மனிதன் எதற்காகவாவது காத்திருந்தது அதுவே முதல் தடவை. அடைமொழி இல்லை, ஆச்சரியக்குறி இல்லை. என் தொகுப்பில் அப்படி ஒரு பத்தி உண்டா என்று யோசித்தேன். யோசனையை அங்கேயே நிறுத்திக்கொண்டேன்.

நாவலை எழுதுகிறவரை நாங்கள் 'வாரத்துக்கொண்ணு' என்போம். வாரம் ஒரு நாவல் எழுதுகிறவர். திங்கட்கிழமை மழை பெய்யவைத்தால் சனிக்கிழமைக்குள் சாபம் தீர்ந்துவிடும். அவருக்கு எறும்பெல்லாம் கண்ணில் படாது. யானை வந்தாலே 'ஏதோ ஒரு கரிய உருவம்' என்று எழுதிவிட்டு நகர்கிறவர். தொலைபேசியில் கூப்பிட்டேன்.

"சார், சின்ன மாமா செத்துட்டார். உங்களுக்குத் தெரியுமா?"

"அப்படியா மேடம்? ஐயோ பாவம், எப்ப?"

"தொடர்ல சார். போன வருஷமே."

"ஓ, அதுவா. எங்க வீட்ல டிவி கிடையாது மேடம். இருந்தா நான் எப்ப எழுதுறது? நீங்க அனுப்புற படங்களப் பாத்துதான் எழுதுறேன்." கொஞ்சம் தயங்கினார். "அந்தப் பக்கம் நான் எழுதினது இல்ல. ஒருத்தர் வீடு தேடி வந்தார். ஒரு பக்கம் எழுதிட்டு வந்திருக்கேன், எங்கயாச்சும் சேத்துக்க முடியுமான்னு கேட்டார். பாத்தேன், நல்லாத்தான் இருந்துச்சு. எனக்கும் அன்னிக்கு ஒரு பக்கம் குறைஞ்சுது. சேத்துட்டேன்."

வந்தவர் எப்படி இருந்தார் என்று நான் கேட்கவில்லை. கேட்காமலே அவர் சொன்னார். "கதவத் தட்டிட்டு, நான் தொறந்தப்புறமும் ரொம்ப நேரம் உள்ள வரல மேடம். ஏன்னு புரியல."

எனக்குப் புரிந்தது. அந்த டப்பாவைத் தட்டுகிற விரலை வாரம் ஒரு தடவையாவது மாடி வீட்டில் பார்க்கிறவள் நான். தாள்களைச் சுருட்டிக்கொண்டு படியேறினேன். அக்கா இன்னும் வேலையிலிருந்து வந்திருக்கவில்லை. அத்தான் முழங்காலில் பனிக்கட்டிப் பையைக் கட்டிக்கொண்டு சோபாவில் உட்கார்ந்திருந்தார். தாள்களைப் பார்த்ததும் அவர் என் தோளுக்குப் பின்னால் எதையும் பார்க்கவில்லை. நேராக என்னைப் பார்த்தார். அதுவே பழக்கமில்லாமல் எனக்குச் சங்கடமாக இருந்தது.

"கண்டுபிடிச்சிட்டியா?" என்றார்.

கண்டுபிடிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம் என்றேன். இது அப்படியே அச்சாகிப் போனால் தொலைக்காட்சிக்காரர்கள் முதலாளியைப் பிடிப்பார்கள், முதலாளி என்னைப் பிடிப்பார், நான் கட்டிலுக்கு அடியில் கிடக்கிற புத்தகங்களை எடுத்துத் தெருவில் விற்க வேண்டியதுதான் என்றேன். இந்த வயதில் இப்படிக் குறுக்கு வழியில் நுழைகிற புத்தி எப்படி வந்தது என்றும் கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம். அவர் எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்.

"புக்கப் படிக்கிறவங்க கேப்பாங்கம்மா. சின்ன மாமா எப்படி வந்தார், அப்ப அவர் சாகலயான்னு கேப்பாங்க. பத்துப் பேர் கேட்டாப் போதும். அங்க ஒருத்தனுக்காவது தோணும், இந்த ஆளத் திரும்பக் கூப்பிடலாமேன்னு." பையை முழங்காலில் சரிசெய்துகொண்டார். "கடைல நேத்து ஒரு பொண்ணு வந்துச்சு. ரொம்ப நேரம் என்னையே பாத்துச்சு. சரி, அடையாளம் தெரிஞ்சிடுச்சுன்னு நிமிந்து நின்னேன். 'அண்ணே, இந்தப் பெட்டியக் கார்ல வச்சிடுறீங்களா'ன்னுச்சு."

சிரிப்பு வர வேண்டிய இடம். எனக்கு வரவில்லை. ஒரு பெட்டியைப் பிடித்துக்கொண்டே வாழ்க்கை முழுவதும் நிற்கிற மனிதரிடம் எப்படிச் சிரிப்பது. உயிரோடு வர முடியாது என்றேன். சட்டம் இடம் கொடுக்காது, யார் கேட்டாலும் அடித்துத்தான் ஆக வேண்டும். வேண்டுமானால் ஆவியாக மாற்றிப் பார்க்கலாம். நிழலை எடுத்துவிட வேண்டும், பேச்சை எடுத்துவிட வேண்டும், தேநீர் போடலாம், குடிக்கக் கூடாது.

"பேயாவா?" என்றார். பிறகு அவர் முகம் தெளிந்ததை நான் பார்த்தேன். "பேயா இருந்தா என்னம்மா? பேயா வந்தாலும் மூஞ்சி என் மூஞ்சிதானே? அதுக்கு வேற ஆளப் போட முடியாதுல்ல?"

அது எனக்கும் நியாயமாகவே பட்டது. இத்தனை நாவல் வாசித்தும், ஆவிக்கு முகம் வேண்டும் என்பதில் எனக்கும் சந்தேகம் வரவில்லை.

அன்று மாலையே உட்கார்ந்து திருத்தினேன். நிழல் விழுந்த வரியை அடித்தேன். "எதுவா இருந்தாலும் முதல்ல குடி" என்பதை அடித்தேன். அடித்தபோது ஒரு கணம் மனசு கேட்கவில்லை, நல்ல வசனம். ஆனால் பேச்சு போனதும் அந்தப் பக்கம் இன்னும் உயர்ந்துவிட்டது. ஓர் ஈரத்துணி, ஓர் அடுப்பு, ஒரு டப்பா, எறும்புகள், எதுவும் பேசாத ஒரு மனிதர். கதாநாயகி நிமிர்ந்து பார்க்கும்போது மேஜையில் ஆவி பறக்கும் கோப்பை மட்டும் இருக்கிறது. நானே எழுதியதுபோல எனக்குப் பெருமையாகப் போயிற்று. மற்ற பக்கங்களில் அவளுக்கு முதுகுத்தண்டு சில்லிட்டுக்கொண்டே இருந்தது, அதையெல்லாம் நான் தொடவில்லை. அவள் தலையெழுத்து.

தொலைக்காட்சிக்காரர்களிடம் ஒப்புதலுக்குப் போன நாவல் திரும்பி வருவதற்குள் முதலாளியே கூப்பிட்டார். அவர் சாதாரணமாக என்னைக் கூப்பிடுகிறவர் இல்லை.

"மேடம், அந்தச் சமையலறைப் பக்கம் அவங்களுக்கு ரொம்பப் பிடிச்சுப் போச்சாம். தொடர்லயே வைக்கப்போறாங்க. சின்ன மாமா திரும்பி வரார். நம்ம புத்தகம் வெளிவர்ற அன்னிக்கே. எழுதினவர் ஜீனியஸ்னாங்க. நான் ஆமான்னுட்டேன்."

படியேறிச் சொன்னேன். அத்தான் எழுந்து சமையலறைக்குள் போய்க் குழாயைத் திறந்து முகம் கழுவினார். ரொம்ப நேரம் கழுவினார். அக்காதான் வெளியே வந்து என்ன ஏதென்று கேட்டாள், சொன்னதும் என் கன்னத்தைப் பிடித்துக் கிள்ளினாள். சின்ன வயதுக்குப் பிறகு அவள் அப்படிக் கிள்ளியதே இல்லை. வலித்தது.

அடுத்து வந்த நாட்களில் அந்த வீடு இருந்த நிலையைச் சொல்லி மாளாது. அத்தான் முடி வெட்டிக்கொண்டார். மீசைக்குச் சாயம் போடுவதா, ஆவிக்கு நரைத்த மீசைதான் பொருத்தமா என்று ஒரு வாக்குவாதம். கடைசியில் அக்கா கிண்ணத்தில் சாயத்தைக் குழைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். "பேய்க்கு வாக்கப்பட்டா புளியமரம் ஏறித்தான் ஆகணும். நான் மீசைக்கு மை பூசுறேன். தலைய ஆட்டாதீங்க" என்றாள். அவள் குரலில் அத்தனை சந்தோஷத்தை நான் எதிர்பார்க்கவில்லை. தொலைபேசி அடிக்கும்போதெல்லாம் அத்தான் எழுந்து நின்றுதான் எடுத்தார். வங்கிக்காரர்கள், கடைக்காரர், தவறான எண். படப்பிடிப்புக்கு யாரும் கூப்பிடவில்லை. ஒளிபரப்புக்கு நாள் நெருங்கியபோது, இன்னும் கூப்பிடவில்லையே என்று நானே கேட்டுவிட்டேன். அவர் அதற்கும் ஒரு விளக்கம் வைத்திருந்தார்.

"பழைய காட்சிகள்லேருந்து வெட்டிப் போடுவாங்கம்மா. மூணு வருஷத்து மூஞ்சி அவங்ககிட்ட இருக்கு. பேய்தானே, கொஞ்சம் மங்கலாக் காட்டினாப் போதும். ஜனங்க கேட்டப்புறம் கூப்பிடுவாங்க." எத்தனையோ முறை ஒத்திகை பார்த்த மாதிரி, ஒரு சொல் தடுமாறாமல் சொன்னார்.

அந்த மாலை அவர் கடையில் விடுப்புச் சொல்லிவிட்டு வந்தார். ஆறு மணிக்கே எதிர்வீட்டுத் தையல்காரம்மா, கழுத்தில் அளவு நாடா தொங்க, வந்து உட்கார்ந்துவிட்டார். அக்கா தேநீரும் பிஸ்கட்டும் வைத்தாள். ஜன்னல் வழியாக இன்னும் அந்தி வெளிச்சம் உள்ளே விழுந்துகொண்டிருந்தது. திரையில் மட்டும் மழை. மின்சாரம் போயிற்று, மெழுகுவத்தி வந்தது, அணைந்தது. நான் வாயை மூடிக்கொண்டு பார்த்தேன். கதாநாயகி சமையலறைக்குள் ஓடிவந்து சுவரோரம் சரிந்து அழுதாள். அத்தான் சோபாவின் நுனிக்கு வந்தார்.

மேடை தெரிந்தது. மேடையில் சிந்திய தண்ணீர் தெரிந்தது. ஓர் ஈரத்துணி தானாக நகர்ந்து அதைத் துடைத்தது. துணி மட்டும்தான். நூலைக் கட்டி இழுத்திருக்கிறார்கள், ஓரிடத்தில் நூல் பளிச்சென்று மின்னிவிட்டுப் போனது. அடுப்பு தானாகப் பற்றிக்கொண்டது. டப்பாவின் மூடி தானாகத் திறந்தது. டொக், டொக் என்று ஒரு சத்தம். எறும்புகளைக் காட்டவில்லை, அதற்கெல்லாம் யார் மெனக்கெடுவார்கள். கதாநாயகி நிமிர்ந்து, கண்ணீர் வழிய, யாருமில்லாத அடுப்படியைப் பார்த்து, "சின்ன மாமா..." என்றாள். இசை பொங்கியது. முகம் வரும் என்று நாங்கள் எல்லோரும் அந்த அடுப்படியையே பார்த்துக்கொண்டிருந்தோம். விளம்பரம் வந்தது.

ஆளே தேவைப்படாத ஒரு ஆள். நான் நிழலை எடுத்தேன், குரலை எடுத்தேன், மிச்சம் இருந்ததை அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். ஜீனியஸ்தான். எனக்கு யார் மேல் கோபம் என்றே தெரியவில்லை. அந்த மூதேவிகள் மேலா, டிவி இல்லாத வாரத்துக்கொண்ணு மேலா, அந்தப் பக்கத்தை மெருகேற்றி மெருகேற்றிப் பூரித்துப்போன என் மேலா. அத்தானைப் பார்க்கத் தைரியம் வரவில்லை. என் வாழ்க்கையில் எத்தனையோ பேரை ஏளனம் செய்திருக்கிறேன், அந்த நிமிடத்துக்கு உதவுகிற மாதிரி ஒரு வார்த்தைகூட அதிலிருந்து எனக்குக் கிடைக்கவில்லை. அக்கா புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

தையல்காரம்மாதான் முதலில் மூக்கை உறிஞ்சினார். அவர் கன்னமெல்லாம் நனைந்திருந்தது.

"ரொம்ப நல்லாப் பண்ணிருக்கீங்க அண்ணே" என்றார். "மூஞ்சியக் காட்டாமலே அழவச்சிட்டீங்களே."

விளம்பரத்தில் யாரோ பல் விளக்கிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அத்தான் தையல்காரம்மாவையே பார்த்தார். அந்த அம்மாள் கேலி செய்கிறவரில்லை. அளவு நாடாவின் நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, நிஜமாகவே தெரிந்துகொள்ளும் ஆசையோடு கேட்டார்:

"அங்க நீங்க எங்க நின்னீங்க?"

அக்கா எதையோ சொல்ல வாயெடுத்தாள். அத்தான் அவளைத் திரும்பிப் பார்த்த பார்வையில் அவள் வாயை மூடிக்கொண்டாள். அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். சோபாவுக்கும் தொலைக்காட்சிக்கும் நடுவில், அந்தி வெளிச்சம் விழுந்துகொண்டிருந்த இடத்தில் போய் நின்றார்.

"இங்க" என்றார். "அடுப்புக்கு இந்தப் பக்கம்."

"அப்புறம்?"

மேடை இருக்க வேண்டிய உயரத்தில் கையை வைத்து, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நிதானமாகத் துடைத்தார். துணியைப் பிழிந்து ஓரத்தில் விரித்துப் போட்டார். குனிந்து அடுப்பைப் பற்றவைத்தார். என் தலைக்கு மேலே கையை நீட்டி, அலமாரியிலிருந்து டப்பாவை எடுத்து மூடியைத் திறந்தார். விளம்பரம் முடிந்து தொடர் மறுபடி தொடங்கிவிட்டது, அதைத் திரும்பிப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. அவர் விரலால் டப்பாவை மெல்ல இரண்டு தட்டு தட்டினார். கரண்டியைப் போடாமல் அப்படியே நின்றார். கடைசி எறும்பு இறங்கிப் போகட்டும் என்று நாங்களும் காத்திருந்தோம்.